டூப்ளிகேட் கேசட்டின் மதிப்பு

திரையின் அடிவிளிம்பில், நடுவே ஒரு கழுகு. அதைச் சுற்றிச் செங்கல் சுவர். மேல்விளிம்பிலிருந்து எதிரி டேங்குகள் இறங்கி வரும். ஒரு கட்டத்துக்கு 20. நம்முடைய மஞ்சள் டேங்க் அத்தனையையும் சுட்டுத் தீர்க்க வேண்டும். கையில் எத்தனை உயிர் மிச்சமிருந்தாலும், கழுகின் மேல் ஒரு குண்டு பட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது. 1990களில் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர்ப் பக்கம் டிவி கேம் விளையாடி வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ‘டேங்க் கேம்’ என்றால் போதும்.

அதன் அசல் பெயர் ‘பேட்டில் சிட்டி’. ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1985 செப்டம்பரில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் இயந்திரத்துக்காக வெளியிட்டது. அதே நிறுவனம் 1980இல் காசு போட்டு ஆடும் இயந்திரமாகக் கொண்டுவந்த ‘டேங்க் பட்டாலியன்’ இதன் முன்னோடி. மேலிருந்து கீழே பார்க்கும் கோணத்தில் அமைந்த சுடும் ஆட்டங்களில் உலகம் முழுக்க மிக அதிகமாக நகலெடுக்கப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. ஆனால் பழைய விளையாட்டுகளைச் சேகரிப்பவர்களின் சந்தையில் இதற்குப் பெரிய விலை கிடையாது. நம் ஊர் வீடுகளின் பரண்களில் கிடக்கும் இதன் நகல் கேசட்டுகளுக்கோ விலையே கிடையாது. இந்த இரண்டாவது மதிப்பீடு தவறானது என்பதே என் வாதம். அந்த நகல்களைத்தான் நாம் முதலில் சேகரிக்க வேண்டும், அதுவும் இப்போதே.

ஆட்டத்தின் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். களம் 13க்கு 13 கட்டங்கள். செங்கல் குண்டடியில் சிறிது சிறிதாகப் பெயரும். இரும்புச் சுவர் பெயராது, மூன்று நட்சத்திரம் எடுத்த டேங்குக்கு மட்டும் வழிவிடும். தண்ணீர் வண்டியைத் தடுக்கும், குண்டைத் தடுக்காது. மரக்கூட்டம் வண்டியை மறைக்கும். பனித்தரையில் சக்கரம் வழுக்கும். இவ்வளவு எளிய விதிகளை மட்டும் கொண்டு 35 கட்டங்கள், ஒவ்வொன்றும் வேறு முகத்தோடு. இருவர் ஒரே நேரத்தில் ஆடலாம். கூட்டாளியின் குண்டு பட்டால் சாகமாட்டோம், ஆனால் சற்று நேரம் அசையாமல் உறைந்து நிற்போம். அண்ணன் தம்பிகளுக்குள் எத்தனை சண்டையை அந்த ஒரு விதி மூட்டிவிட்டிருக்கும்! சொந்தமாகக் களம் வரைந்துகொள்ளும் வசதியும் உண்டு. வரைந்ததைச் சேமிக்க மட்டும் வழியில்லை. கரண்ட் போனால் களமும் போனது. மொத்த நிரலும் படங்களும் சேர்த்து 24 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைப்போல நூறு மடங்குக்கு மேல் இடம் கேட்கும்.

இது ஜப்பானிலிருந்து குற்றாலச் சாரல் அடிக்கும் ஊர்களுக்கு எப்படி வந்தது? நேர்வழியில் வரவில்லை. வெளிநாட்டு மின்னணுப் பொருட்களுக்கு அன்று இறக்குமதி வரி மிகக் கடுமை. சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் இயந்திரத்தை 1995இல் ஷா வாலஸ் நிறுவனம் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது விலை 18,000 ரூபாய். 80 விழுக்காடு வரியைச் சமாளிக்கத்தான் இந்திய நிறுவனத்தோடு அந்தக் கூட்டு. ஒரு அரசு ஊழியரின் பல மாதச் சம்பளத்தை விளையாட்டுப் பெட்டிக்குக் கொடுக்கிற வீடு நம் பக்கத்தில் எத்தனை இருந்திருக்கும்? அந்த இடைவெளியில் நுழைந்தவைதான் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல் இயந்திரங்கள். தைவானிலும் பிறகு சீனாவிலும் செய்யப்பட்ட சில்லுகள், 60 முள் கேசட், சாமுராய், லிட்டில் மாஸ்டர், விஸ் கிட் என்று இந்தியாவில் விதவிதமான பெயர்கள். பெயர் எதுவானாலும் ஒரு கேசட் எல்லாவற்றிலும் ஓடியது. ஆகவே நண்பர்களுக்குள் கேசட் மாற்றிக்கொள்ள முடிந்தது. கடைகளிலும் பழையதைக் கொடுத்து, மேலே கொஞ்சம் காசு வைத்து வேறொன்றை வாங்க முடிந்தது.

சென்னைக்கு வந்த சரக்கு பர்மா பஜாரையும் ரிச்சி தெருவையும் தொட்டுத் தெற்கே இறங்கியது. ஆனால் தென்காசி வட்டாரத்துக்கு இன்னொரு வாசலும் உண்டு. கடையநல்லூர் போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். விடுமுறைக்கு வரும்போது டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டுவந்ததைப் போலவே பிள்ளைகளுக்கு டிவி கேமும் கொண்டுவந்தார்கள். அங்கேயும் சந்தையில் இருந்தவை பெரும்பாலும் இதே 60 முள் நகல்கள்தான். அரபு எழுத்து அச்சிட்ட கேசட் பெட்டி ஒன்று கடையநல்லூர் வீட்டுப் பரணில் கிடைத்தால் அதை விளையாட்டுச் சாமான் என்று மட்டும் பார்க்க முடியாது. அந்த ஊரின் புலம்பெயர்வு வரலாற்றுக்கு அது ஒரு சான்று. மூன்றாவதாக, குற்றாலத்தின் சீசன். ஆனி, ஆடி மாதங்களில் அருவிக்கு வரும் கூட்டத்தை நம்பி முளைக்கும் கடைகளில் மங்குஸ்தானுக்கும் நேந்திரம் சிப்ஸுக்கும் அருகிலேயே விளையாட்டுச் சாமான்களும் தொங்கும். அப்படி வாங்கிய பொருள் அருவியில் குளித்துவிட்டு மதுரைக்கோ விருதுநகருக்கோ திரும்பும் குடும்பத்தோடு போய்விடும். ஆகவே இன்று ஒரு கேசட் கிடைக்கும் ஊரை மட்டும் வைத்து அது வந்த வழியைச் சொல்லிவிட முடியாது.

இப்போது, சேகரிப்பாளர்கள் அதிகம் பேசாத ஒரு தொழில்நுட்ப உண்மைக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையின் அச்சாணி இதுதான்.

ஜப்பானின் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு ஏறத்தாழ 60 முறை திரை புதுப்பிக்கப்படும். இந்தியாவில் நாம் ஏற்றுக்கொண்ட ‘பால்’ முறையில் 50 முறை. ஃபேமிகாம் ஆட்டங்கள் பெரும்பாலும் இந்தத் துடிப்பைத்தான் தங்கள் கடிகாரமாக வைத்துக்கொண்டன. ஒவ்வொரு துடிப்புக்கும் டேங்க் இத்தனை புள்ளி நகரும், குண்டு இத்தனை புள்ளி பாயும் என்பது கணக்கு. பால் முறைத் தொலைக்காட்சிக்கென்று செய்யப்பட்ட நகல் இயந்திரங்களில் துடிப்பு 50ஆகக் குறைந்தது. கேசட்டில் இருந்த நிரலோ 60ஐ எதிர்பார்த்து எழுதப்பட்டது. விளைவு: ஜப்பானில் 10 நொடியில் டேங்க் கடக்கும் தூரத்தை இங்கே கடக்க 12 நொடி ஆகும். கட்டம் தொடங்கும்போது ஒலிக்கும் அந்தச் சிறு இசையும் அதே அளவு நிதானமாகவே ஒலிக்கும். இன்னும் நுட்பமாகச் சொன்னால், ஐரோப்பாவில் நின்டெண்டோவே விற்ற பால் இயந்திரத்தில் செயலியின் வேகமும் குறைந்ததால் சுருதியும் இறங்கியது. தைவானின் யூஎம்சி நிறுவனம் நகல் இயந்திரங்களுக்காகச் செய்த பால் சில்லுகள் செயலியின் வேகத்தை ஜப்பானிய அளவுக்கு மிக அருகில் வைத்திருந்தன. அதனால் தாளம் மெதுவானது, சுருதி மாறவில்லை.

ஆக, அத்தகைய இயந்திரத்தில் தென்காசிப் பிள்ளைகள் விளையாடிய ‘டேங்க் கேம்’ டோக்கியோப் பிள்ளைகள் விளையாடியது அல்ல. ஐரோப்பாவில் விற்ற நின்டெண்டோ இயந்திரத்தில் ஓட்டியிருந்தால் அது ஒலித்திருக்கும் விதமும் வேறு. நிரல் ஒன்றுதான், ஆனால் கைக்கும் காதுக்கும் வந்து சேர்ந்தது வேறோர் ஆட்டம். இன்று இணையத்தில் அந்த 24 கிலோபைட் கோப்பை எடுத்துக் கணினியில் ஓட்டுபவர்களுக்கு ஜப்பானிய வேகம் கிடைக்கிறது. நாம்கோவின் இன்றைய வாரிசு நிறுவனம் 2020இல் தன் பழைய ஆட்டங்களின் தொகுப்பில் ‘பேட்டில் சிட்டி’யை மறுபடி வெளியிட்டபோதும் அது அசலின் மறுவெளியீடுதான். நம் ஊரில் ஓடிய வடிவத்தை யாரும் மறுவெளியீடு செய்யப்போவதில்லை. அது இருப்பது அந்த மலிவான இயந்திரத்துக்குள், படக்குழாய் டிவியின் ஆன்டெனாத் துளைக்குள் செருகிய கம்பியில், அந்தச் சூழல் முழுவதிலும்தான்.

உலகச் சேகரிப்புச் சந்தை எதற்கு விலை வைக்கிறது என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும். 2021 ஜூலையில் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் உறை பிரிக்காத ‘சூப்பர் மாரியோ 64’ ஒன்று 15.6 லட்சம் டாலருக்குப் போனது. ஒரு கோடிக்கு மேல் விற்ற ஆட்டம் அது. அரிது என்று சொல்லவே முடியாது. விலை போனது பிளாஸ்டிக் உறையின் கசங்காத தன்மைக்கும், தரச்சான்று நிறுவனம் போட்ட மதிப்பெண்ணுக்கும்தான். அப்படிச் சான்று தந்த வாட்டா நிறுவனம் தொடங்கியதே 2017இல். சந்தையைச் செயற்கையாக ஊதிவிட்டதாக 2022இல் அதன் மீது அமெரிக்காவில் வழக்கும் தொடரப்பட்டது. விளையாடவே படாத ஒரு பொருளுக்கு உச்ச விலை தரும் சந்தை, விளையாட்டின் வரலாற்றைக் காக்கிறது என்று என்னால் ஏற்க முடியவில்லை.

நேர்மையான அரிதுக்கும் விலை உண்டு. மேலிருந்து பார்க்கும் சுடும் ஆட்டங்களிலேயே ‘ரெக்கா’ இருக்கிறது. 1992இல் நாக்ஸாட் நிறுவனம் ஒரு போட்டிக்கென வெளியிட்டது. நிரல் எழுதியவர் ஷினோபு யாகாவா. பழைய ஃபேமிகாம் இவ்வளவு வேகமாக இத்தனை குண்டுகளைத் திரையில் தாங்குமா என்று இன்றும் வியக்க வைக்கும் வேலை. ஆனால் சூப்பர் ஃபேமிகாம் 1990 நவம்பரிலேயே வந்துவிட்டது. பழைய இயந்திரத்துக்கு வாங்குவோர் குறைந்திருந்த காலம். குறைவாகவே விற்றதால் அந்தக் கேசட் இன்று நூற்றுக்கணக்கான டாலர் பெறுகிறது. ‘பேட்டில் சிட்டி’ இதற்கு நேர் எதிர். ஜப்பானில் ஏராளமாக விற்றது; அமெரிக்காவில் அந்த இயந்திரத்துக்கு அதிகாரபூர்வமாக வெளிவரவே இல்லை. ஆகவே ஜப்பானியப் பழைய கடைகளில் அசல் கேசட் மலிவாகக் கிடைக்கும். அமெரிக்கச் சேகரிப்பாளருக்கு இளமை நினைவும் இல்லை, ஆசையும் இல்லை. விலைப்பட்டியல் எழுதுபவர்கள் அங்கே இருக்கிறார்கள். விளையாடியவர்கள் இந்தியாவிலும் ரஷ்யாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள்.

நகல்களின் கதை அதைவிடச் சுவையானது. சில கேசட்டுகள் நாம்கோவின் நிரலை எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொண்டன. நிரலை எழுதியவர் தான் ஒரு பெண்ணைக் காதலிப்பதாக அதற்குள் ஒரு வரியை ஒளித்து வைத்திருந்தார்; அதுவும் சேர்ந்தே வந்தது. நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் அந்தக் காதல் யார் கண்ணிலும் படாமல் கேசட்டுக்குள் கிடந்திருக்கிறது. வேறு சில நகல்கள் நிரலில் கைவைத்தன. ‘டேங்க் 1990’ என்ற பெயரில் வந்ததில் புதிதாகத் துப்பாக்கிப் படமும் படகுப் படமும் பரிசாக விழும்; படகு எடுத்த டேங்க் தண்ணீர் மேலேயே போகும். அசலை முதலில் ஆடியவர்கள் இதை மோசடி என்பார்கள். நம்மில் பலருக்கு ஆட்டமே அதுதான். முகமறியாத யாரோ ஒருவர் செய்த இந்தத் திருத்தம் ஒரு படைப்புச் செயல் என்றே நான் கருதுகிறேன். நாட்டார் கதை ஊருக்கு ஊர் மாறுவதைப் போல இந்த ஆட்டமும் கேசட்டுக்குக் கேசட் மாறியது. எந்த மாற்றம் எந்த ஊருக்கு, எந்த ஆண்டு வந்தது என்பதைத் தொகுத்தால் ஒரு பரவல் வரைபடமே வரையலாம்.

அதற்கு வேண்டிய தடயங்கள் எல்லாம் கேசட்டின் மேலேயே இருக்கின்றன, படிக்கத் தெரிந்தால். உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையைப் பாருங்கள். அசல் நாம்கோ கேசட்டில் கால்கள் வைத்த கறுப்புச் சில்லுகள் பற்றவைக்கப்பட்டிருக்கும். மலிவு நகலில் பலகையின் மேல் கறுப்புப் பிசின் சொட்டு ஒன்று உறைந்து நிற்கும், சில்லு அதற்கடியில். ‘64 இன் 1’, ‘9999 இன் 1’ என்று எழுதிய கேசட்டுகளில் பட்டியலையே படியுங்கள். ஒரே ஆட்டம் வெவ்வேறு கட்டத்திலிருந்து தொடங்கும்படி வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வரும். எந்த ஆட்டங்கள் சேர்க்கப்பட்டன, எந்தப் பெயரில், எந்த எழுத்துப் பிழையோடு என்பது அந்தத் தொகுப்பைச் செய்த பட்டறையை அடையாளம் காட்டும். பல ஆட்டங்களுக்கு இடையே தாவ உதவும் மின்சுற்றுகளை ஒவ்வொரு பட்டறையும் தன் போக்கில் செய்ததால், அவற்றில் பலவற்றை இன்றைய கணினி மென்பொருள் அப்படியே ஓட்டிவிடாது. அந்த ஒரு கேசட் அழிந்தால் அந்தத் தொகுப்பே அழிந்தது என்று ஆகலாம். ஸ்டிக்கரில் அச்சிட்ட ஆண்டை மட்டும் நம்பக் கூடாது. ‘1990’ என்பது ஆட்டத்தின் பெயரில் ஒட்டிக்கொண்ட எண், கேசட் செய்த காலம் அல்ல. கடைக்காரர் குத்திய ரப்பர் முத்திரை, பில், உத்தரவாத அட்டை, இயந்திரப் பெட்டியின் அச்சு ஆகியவைதான் காலத்தைச் சொல்லும்.

கேசட்டின் முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய பெயரை அழித்துச் சுத்தம் செய்வதுதான் சேகரிப்பாளர் வழக்கம். அது விலையைக் கூட்டும் என்று எண்ணுகிறார்கள். என் பார்வையில் அதுவே ஆவணத்தின் கையெழுத்துப் பகுதி. ஒரே கேசட்டில் மூன்று பெயர்கள், இரண்டு அடிக்கப்பட்டு ஒன்று மிஞ்சியிருந்தால், அது எத்தனை கை மாறியது என்பதற்கு வேறு என்ன பதிவு இருக்கிறது? அழிக்கக் கூடாது.

இவற்றைக் காக்க நம்மிடம் சட்டமும் இல்லை, நிறுவனமும் இல்லை. 1954ஆம் ஆண்டின் நூல்கள் ஒப்படைப்புச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலும் சென்னையின் கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் போக வேண்டும். விளையாட்டு மென்பொருள் அதில் அடங்காது. 1972இன் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த பொருளைத்தான் பார்க்கும். ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகமோ 2000ஆம் ஆண்டிலிருந்து பெட்டியில் வரும் விளையாட்டுகளையும் கட்டாய ஒப்படைப்பில் சேர்த்துவிட்டது. அங்கேகூட முந்தையவை தப்பியது தனியார் சேகரிப்பாலும் கியோட்டோவின் ரிட்சுமேகான் பல்கலைக்கழகம் போன்ற இடங்களின் முயற்சியாலும்தான். அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று சொன்னது. முறையாக வெளியானவற்றுக்கே இந்தக் கதி. பில்லில்லாமல் வந்த சரக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பதிப்புரிமைக் கேள்வி எழும். 1984இன் திருத்தத்துக்குப் பிறகு கணினி நிரலுக்கும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. அனுமதியின்றி நகலெடுத்து விற்றது தவறுதான், அதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் தவறாகச் செய்த பொருளும் வரலாற்றுச் சான்றாகும். நாம்கோவின் ஆட்டத்தை உருவாக்கியவர்களுக்கு இங்கிருந்து ஒரு ரூபாய்கூடப் போகவில்லை என்பதையும் சேர்த்தே அந்தக் கேசட் பதிவு செய்கிறது.

தமிழில் நமக்கு ஒரு முன்மாதிரி உண்டு. கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதி வாழ்ந்த ரோஜா முத்தையா, நூல்களோடு சேர்த்து நோட்டீஸ், நாடக விளம்பரம், திரைப்படப் பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று பிறர் கழித்துக்கட்டியதையெல்லாம் சேர்த்தார். அன்று அவற்றுக்குப் பழைய பேப்பர் விலைதான். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. இன்று தமிழ் அச்சு வரலாற்றையோ திரை வரலாற்றையோ எழுதுபவர் அங்கே போகாமல் இருக்க முடியாது. விலை இல்லாதபோது சேர்த்ததால்தான் அது முடிந்தது.

சேர்த்தால் மட்டும் போதாது, காப்பாற்றவும் வேண்டும். அதில் நம் ஊர்க் காற்று எதிரி. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலைக் கொண்டுவரும் மாதங்களில் குற்றாலத்தில் துணி காய்வதே பாடு. அந்த ஈரம் கேசட்டின் செப்பு விளிம்பில் களிம்பேற்றும், ஸ்டிக்கரின் பசையை இளக்கும், அட்டைப்பெட்டியில் பூஞ்சை பூக்கவைக்கும். கேசட் ஓடாதபோது வாயால் ஊதியது நம் எல்லாருடைய வழக்கம். மூச்சின் ஈரம் முட்களை அரிக்கும், ஊதாதீர்கள் என்று நின்டெண்டோவே தன் கேசட்டுகளில் எச்சரித்திருந்தது. பென்சில் ரப்பரால் தேய்ப்பதும் மேல்பூச்சைச் சுரண்டிவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைப்பதே சரி. பெட்டிகளைத் தரையை ஒட்டி வைத்தால் கரையானுக்குப் படைத்ததாகும். இயந்திரத்தின் வெள்ளைப் பிளாஸ்டிக் வெயிலில் மஞ்சளாகும். அதை வெளுக்க ரசாயனம் தேடுவதைவிட நிழலில் வைப்பது மேல்.

2011இலிருந்து தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறது; அங்கே வேலை பார்ப்பவர்களில் சிலருக்கேனும் கையில் பட்ட முதல் நிரல் இந்த டேங்க் கேமாக இருந்திருக்கக் கூடும். நிரலைக் கேசட்டிலிருந்து படித்தெடுக்கும் கருவியைச் செய்யும் திறன் உள்ளூரிலேயே இருக்கிறது. ஒரு கேசட் கிடைத்தால் முன்பக்கம், பின்பக்கம், பலகை, திரையில் வரும் பட்டியல் ஆகியவற்றைப் படமெடுத்து, எந்த ஊர், யார் வாங்கித் தந்தது, எந்தக் கடை, ஏறத்தாழ எந்த ஆண்டு என்று நான்கு வரி எழுதி வைக்கலாம். அதற்குப் பிறகு நிரலைப் படித்தெடுக்கலாம். கேசட்டுக்கும் முன்னால் தேட வேண்டியவர்கள் அந்த நாளில் இவற்றைப் பழுது பார்த்த டிவி மெக்கானிக்குகள். எந்த ஆண்டில் எந்தப் பலகை வந்தது, எந்த அடாப்டர் புகைந்தது, சரக்கு சென்னையிலிருந்து வந்ததா கொல்லத்திலிருந்து செங்கோட்டை வழியாக வந்ததா என்பதெல்லாம் அவர்கள் கைக்குத் தெரியும். பலர் கடையை மூடிவிட்டார்கள், மூடாதவர்களுக்கும் வயதாகிவிட்டது. அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும்.